நாடித் துடிப்பும் பாரிசவாதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடைகளிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் கேட்பதே நமக்குப் பழக்கம். இன்றோ இருதயத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கின்றனர். உடல் நன்றாயிருந்தால் அல்லவோ ஊர்ப்பணி செய்யலாம்? ஆகவே இந்தப் பொருள் சங்கத்தின் நோக்கத்துக்குப் புறம்பானதன்று என்றே கருதுகின்றோம். நாம் வைத்தியர் அல்லோம். வைத்திய நூல்களும் ஆராய்ச்சிகளும் கூறுபவற்றை எளிய தமிழில் எடுத்துச் சொல்வது மட்டுமே எமது முயற்சி.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியிலே சொல்லும் புதினங்களுள் இப்போது இதுவும் ஒன்று: "இருதயத்துக்குள்ளே ஒரு சிறு கருவியை வைத்துவிட்டால் பாரிசவாதம் வராதாம்." இதைக் கேட்ட குடும்பத்தார், காணியை ஈடு வைத்தாவது அப்பாவுக்கு அதைச் செய்துவிட வேண்டுமென்று எண்ணுவது இயல்பே. அந்தப் பாசம் போற்றத்தக்கது. ஆனால் அக்கருவி யாருக்கு உரியது, யாருக்கு ஆகாது, அதற்கு முன்னே செய்ய வேண்டியவை எவை என்று அறியாமல் காணியை ஈடு வைத்தல் தகுமா? இக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

முதலில் நாடியிலிருந்து தொடங்குவோம். நாடி பிடித்துப் பார்த்தல் நமக்குப் புதிதன்று. நமது ஊர்ப் பரியாரிமார் நோயாளியின் கையைப் பிடித்த பின்னரே மற்றவற்றை விசாரிப்பர். இருவர் ஒரே உரலில் மாறி மாறி உலக்கை போடும்போது அதிலே ஓர் ஒழுங்கு உண்டு. அமைதியாக இருக்கும் ஒருவரின் இருதயமும் அப்படியே நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒழுங்காகத் துடிக்கும். சிலருக்கு இந்த ஒழுங்கு முற்றாகக் குலைந்துவிடுகின்றது. ஒரு துடிப்பு விரைந்து வரும், அடுத்தது தாமதிக்கும், ஒன்று வலியது, மற்றது மெலிந்தது. எந்தக் கணக்குக்கும் அகப்படாத துடிப்பு அது.

இது எதனால் ஏற்படுகின்றது? இருதயத்துக்கு நான்கு அறைகள் உண்டு என்று பாடசாலையிலே படித்திருக்கின்றோம். மேலே உள்ள இரண்டும் சோணையறைகள். கீழே உள்ளவை இதயவறைகள். சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்கிக் குருதியைக் கீழே தள்ள வேண்டும். அவ்வாறு சுருங்காமல் நிமிடத்துக்கு 350 தடவைக்கு மேலாக வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையை வைத்தியர்கள் ஏற்றியல் பிப்ரிலேசன் என்பர். இப்பேச்சிலே நாம் இதனைச் சோணை நடுக்கம் என்று வழங்குவோம். முதுமை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, இருதய வால்வுப் பழுது, தைரொயிட்டுச் சுரப்பியின் மிகை, மிகுந்த மதுபானம் ஆகியவை இதற்கு ஏதுவாகும். சிலருக்கு நெஞ்சு படபடப்பும் இளைப்பும் தோன்றும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. அதுவே இந்நோயின் கொடுமை.

காதின் கீழ்நுனியை நாம் சோணை என்கின்றோம் அல்லவா? இடது சோணையறையின் பக்கத்திலே காதுமடல் போன்ற ஒரு சிறு பை உண்டு. இரணைமடுவையோ முத்தையன்கட்டுக் குளத்தையோ அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. துருசு திறந்து நீர் ஓடும் வாய்க்காலிலே பாசி பிடிப்பதில்லை. குளத்தின் மூலையிலே நீர் அசையாமல் தேங்கினால் அங்கே பாசி படரும். சோணையறை சுருங்காதபோது இந்தப் பைக்குள்ளே குருதி அப்படித்தான் தேங்குகின்றது. தேங்கிய குருதி உறைந்து கட்டியாகின்றது. அக்கட்டி ஒருநாள் கழன்று, குருதியோடு ஓடி, மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்துவிட்டால் பாரிசவாதம் வந்துவிடும். காலையிலே வயலுக்குப் போனவர் மாலையிலே வாய் கோணி, கை விழுந்து கிடப்பார்.

அமெரிக்காவிலே பிரமிங்காம் என்னும் நகரத்து மக்களை 1948ஆம் ஆண்டு தொடக்கம் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். சோணை நடுக்கம் உள்ளவர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 1978இல் அவ்வாராய்ச்சியினின்று வெளியிட்டனர். வாதக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்து, அதனோடு இந்நடுக்கமும் சேர்ந்தவர்க்கோ அது 17 மடங்கு. இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றோம். நமது நாட்டுக்கு மிகவும் உரிய எண் அது.

இனி மருந்தைப் பற்றிக் கூறுவோம். மாடு வளர்க்கும் வன்னி மக்கள் விரும்பிக் கேட்கும் கதை இது. 1920களில் வட அமெரிக்காவிலே, பழுதுபட்ட ஒருவகைப் புல்லைத் தின்ற மாடுகள் காரணம் தெரியாமல் குருதி பெருகி மாண்டன. 1933இல் ஒரு விவசாயி, உறையாத குருதியை ஒரு பால் தகரத்திலே எடுத்துக்கொண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ள் போல் லிங்க் என்னும் அறிஞர், தம் துணைவரோடு பல்லாண்டு முயன்று, அப்புல்லிலிருந்த நச்சுப் பொருளைக் கண்டுபிடித்தார். அதன் வழிவந்ததே வோர்பரின். 1948இல் அது எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு, மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

"எலிப் பாஷாணத்தையா எனக்குத் தருகிறார்கள்?" என்று யாராவது அஞ்சினால், இந்த வரலாற்றை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். மருந்தும் நஞ்சும் அளவினாலேயே வேறுபடும் என்பது நமது வைத்தியத்துக்கும் உடன்பாடான கொள்கையே. அளவறிந்து கொடுத்தால், சோணை நடுக்கத்தால் வரும் பாரிசவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வோர்பரின் தடுத்துவிடுகின்றது. அந்த அளவை அறியவே ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை செய்கின்றனர். சோணை நடுக்கமுள்ளவர்க்குப் பெரும்பாலும் அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி உண்டாகும். கூடினால் குருதி பெருகும்.

2010ஆம் ஆண்டு தொடக்கம் டபிகற்றான், ரிவரொக்சபான், அபிக்சபான் முதலிய புதிய மருந்துகளும் வழக்குக்கு வந்துள்ளன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டியதில்லை. வால்வு நோய் இல்லாத பலருக்கு இவை மிகவும் ஏற்றவை.

எனினும், எந்த மருந்தையும் நீண்ட காலம் உட்கொள்ள முடியாத சிலர் இருக்கின்றனர். மூளைக்குள்ளே குருதி கசிந்தவர்கள், குடலிலே திரும்பத் திரும்பக் குருதி பெருகுவோர் முதலியவர்கள் இவர்கள். மருந்து கொடுத்தால் ஒரு பக்கம் ஆபத்து; கொடாவிட்டால் மறுபக்கம் ஆபத்து. இவர்களுக்கு என்ன வழி?

குருதி உறைவது பெரும்பாலும் அந்தக் காதுமடற் பைக்குள்ளே என்றால், பையையே இல்லாமற் செய்துவிடலாமே என்ற எண்ணம் வைத்தியருக்குத் தோன்றியது. 1949இலேயே ஜோன் மாடன் என்னும் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அப்பையை வெட்டியகற்றி அதைப்பற்றி எழுதினார். ஆனால் அதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டும். நெஞ்சைப் பிளக்காமல், காலின் நரம்பு வழியாகக் கருவி ஒன்றைச் செலுத்திப் பையின் வாயை அடைக்கும் முறை 2001இல் ஜேர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலே முதன்முதலாகச் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு வோச்மன் என்னும் கருவி வந்தது. காவற்காரன் என்பது அதன் பொருள். அமெரிக்க அரசு 2015இல் அதற்கு அனுமதி வழங்கியது. அமுலெற் என்னும் இன்னொரு கருவி 2021இல் அங்கே அனுமதி பெற்றது. இன்று சென்னை முதலிய இந்திய நகரங்களின் பெரிய இருதய வைத்தியசாலைகளிலும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது.

அது எவ்வாறு பொருத்தப்படுகின்றது? தொடையின் மேற்புறத்துக் குருதிக் குழாயினூடாக மெல்லிய குழாயொன்றை இருதயத்தின் வலது சோணையறைக்குச் செலுத்துவர். வலது, இடது சோணையறைகளுக்கு இடையிலுள்ள சுவரிலே சிறு துளையிட்டு இடப்பக்கம் செல்வர். எக்ஸ் கதிரும், உணவுக் குழாயினுள் இறக்கப்படும் ஒலியலைக் கருவியும் வழிகாட்டும். நிக்கலும் தைற்றேனியமும் கலந்த உலோகக் கம்பிகளால் ஆன, சிறு குடை போன்ற அக்கருவி பையின் வாயிலே விரிந்து பொருந்தும். கிழமைகள் செல்ல, அதன்மீது இருதயத்தின் உட்தோல் படர்ந்து பையை மூடிவிடும். அதுவரையில் உறைதலைத் தடுக்கும் மருந்து வேண்டும். கருவி வைத்த மறுநாளே மருந்தை விட்டுவிடலாம் என்று எண்ணுவது பிழை.

பலன் எத்தகையது? 707 நோயாளரைக் கொண்டு நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2009இல் வெளிவந்தது. பாரிசவாதம் முதலியவற்றைத் தடுப்பதில் கருவி வோர்பரினுக்குக் குறைந்ததன்று என்று அது காட்டியது. அதே ஆராய்ச்சியிலே, கருவி வைக்கும்போது இருதயத்தைச் சுற்றிக் குருதி கசிந்து அவசர சிகிச்சை வேண்டப்பட்டோரும் 100க்கு ஐவர் அளவில் இருந்தனர். கைப்பழக்கம் கூடக்கூட இத்தீங்கு குறைந்து வந்திருக்கின்றது; முற்றாக ஒழியவில்லை. ஆகவே, 2023இல் வெளியான அமெரிக்க இருதய வைத்தியச் சங்கங்களின் நெறிமுறை, பாரிசவாத ஆபத்து உடையவராய், நீண்டகால மருந்தைத் தாங்க முடியாதவராய் இருப்போருக்கே இதனை முதன்மையாகக் கூறுகின்றது. மருந்தைத் தாங்கக்கூடியவர்க்கு மருந்தே முதல் வழி.

இங்கே மிக முக்கியமான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நாம் கூறிய ஆராய்ச்சி வால்வு நோயில்லாதவரை வைத்தே செய்யப்பட்டது. அத்தகையோருக்குத் தோன்றும் கட்டிகளில் 100க்கு 90 அளவில் அந்தப் பைக்குள்ளேயே காணப்பட்டன. வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களிடமோ ஏறக்குறையப் பாதிக் கட்டிகள் பைக்கு வெளியே, சோணையறையின் உள்ளேயே தோன்றியிருந்தன. குளம் முழுவதும் நீர் அசையாதிருக்க, ஒரு மூலையை மாத்திரம் அடைத்து என்ன பயன்? ஆகவே இவர்களுக்கு இக்கருவி உரியதன்று. புதிய மருந்துகளும் இவர்களுக்கு ஏற்றவையல்ல. ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலே 4500க்கு மேற்பட்ட இத்தகைய நோயாளரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. ரிவரொக்சபான் பெற்றவரிலும் பார்க்க, வோர்பரின் வகை மருந்து பெற்றவரிடையே மரணம் குறைவாக இருந்தது. விலையுயர்ந்த புதியதே எப்போதும் சிறந்தது என்று எண்ணுவோருக்கு இது நல்ல பாடம்.

அன்பர்களே! இவற்றையெல்லாம் நமது மண்ணிலே வைத்துப் பார்ப்போம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உள்ளன. அதற்கு மேல் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய வைத்தியசாலை என்று செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம். ஆனால் உள்ளூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து, வரிசையில் நின்று, குருதி கொடுத்து, மாலையிலே வீடு திரும்ப ஒருநாட் கூலி போய்விடும். 2009க்குப் பின் மீளக் குடியேறிய கிராமங்களில், பிள்ளைகள் தூரதேசத்தில் இருக்கத் தனியே வாழும் முதியோர் எத்தனை பேர்! "நன்றாகத்தானே இருக்கிறேன், இந்தமுறை கிளினிக்குக்குப் போகாவிட்டால் என்ன?" என்று அவர்கள் நினைத்தால், அதற்கு முழுப் பொறுப்பும் அவர்களுடையதாகுமா? அயலில் நிற்கும் நமக்குப் பங்கில்லையா?

பல இலட்சம் ரூபாய் வேண்டப்படும் கருவி ஒரு சிலருக்கே உரியது. நாடி பார்த்தலும், மருந்தை விடாமல் உட்கொள்ளச் செய்தலும் எல்லோருக்கும் உரியவை. அவற்றுக்குப் பணமும் வேண்டியதில்லை. ஆள்தான் வேண்டும். ஆள் நம்மிடம் இருக்கின்றார்கள். ஆகவே, இளைஞர்கள் மேற்கொள்ளக்கூடிய பணிகள் நான்கினைச் சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவது, நாடி பார்த்தல். பெருவிரலின் அடியிலே, மணிக்கட்டில், இரு விரல்களை மெதுவாக வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோர் எல்லோருக்கும் இது செய்யத்தக்கது. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால், "உங்களுக்கு நோய்" என்று நாம் தீர்ப்புச் சொல்லலாகாது, ஈ.சி.ஜி. எடுக்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். முடிவு சொல்வது வைத்தியரின் கடமை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலுக்கும் திரளும் முதியோர் எத்தனை பேர்! தண்ணீர்ப் பந்தல் போடும் கைகள், சுகாதாரத் திணைக்களத்தாரின் துணையோடு, பந்தலின் ஒரு பக்கத்திலே நாடி பார்க்கவும் செய்யலாமே.

இரண்டாவது, கிளினிக் கொப்பியைக் கவனித்தல். வோர்பரின் உட்கொள்ளும் முதியவருக்கு ஓர் இளைஞர் என்று பொறுப்பேற்று, கிளினிக் நாளை நினைவூட்டி, உடன் சென்று வர வேண்டும். முருங்கையிலை, வல்லாரை முதலிய கீரைகளை நிறுத்த வேண்டியதில்லை. ஒருநாள் மிகுதியாகவும் ஒருநாள் இல்லாமலும் உண்ணாது அளவாக உண்ண வேண்டும். உளைவுக்கும் நோவுக்கும் தாமாகவே கடையில் மாத்திரை வாங்கலாகாது. நாட்டு மருந்து எடுப்பதாயின் வைத்தியருக்கு மறைக்கலாகாது. மலம் கறுத்தாலோ, முரசில் குருதி கசிந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வயற்பூமியாகிய வன்னியிலே பாம்புக்கடியும் உண்டு. கண்ணாடி விரியனின் நஞ்சு குருதியை உறையவிடாது. வோர்பரின் உட்கொள்பவரைப் பாம்பு கடித்தால் அச்செய்தியை முதலிலேயே வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். இம்மருந்தை உட்கொள்ளும் இளம் பெண்கள், கருத்தரிக்க எண்ணும் முன்பே வைத்தியரைக் கலந்துகொள்ள வேண்டும். கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கு செய்யக்கூடும். ஆயினும் ஒருவரும் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

மூன்றாவது, சிறுவரைக் காத்தல். தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து சில கிழமைகளின் பின் மூட்டுகள் மாறி மாறி வீங்கும் பிள்ளைக்கு வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அதுவே பின்னர் வால்வைப் பழுதாக்குகின்றது. ஒருமுறை அது வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசி பல்லாண்டுகள் போட வேண்டும். பிள்ளை துள்ளி விளையாடுகின்றதே என்று பெற்றோர் இதைக் கைவிடலாகாது. ஓர் ஊசியும் தவறாமற் பார்த்துக்கொண்டால், அப்பிள்ளை 40 வயதிலே பாரிசவாதத்தால் விழாமற் காத்தவர்கள் ஆவோம்.

நான்காவது, பாரிசவாதம் வந்தவுடன் விரைதல். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினாலும் 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய அந்த இலவச அம்புலன்சுச் சேவை 2018இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, தகுதியுள்ளவர்க்கு நாலரை மணித்தியாலத்துக்குள்ளே கொடுக்கப்பட வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருந்தால் அக்காலம் கடந்துவிடும். போகும்போது கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, கருவி வேண்டுமா என்று எண்ணும் குடும்பத்தாருக்கு ஒரு சொல். பணம் தேடப் புறப்படுமுன் இருதய வைத்திய நிபுணரிடம் இவற்றைக் கேளுங்கள். நோயாளிக்கு உள்ளது உண்மையாகவே சோணை நடுக்கந்தானா? வால்வு பழுதுபட்டிருக்கின்றதா என்று எக்கோ பரிசோதனையில் பார்த்தாயிற்றா? அவருக்குப் பாரிசவாத ஆபத்து எவ்வளவு? மருந்து உண்மையாகவே ஒத்துக்கொள்ளவில்லையா, அல்லது அளவைச் சரிசெய்தால் போதுமா? கருவி வைத்தபின் எம்மருந்தை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும்? இவ்வைந்துக்கும் விடை பெற்றபின், கருவியே வழியென்று நிபுணர் கூறினால், தயங்காமல் முயலுங்கள். பலருக்கு இந்த விசாரணையின் முடிவிலே மாதாந்தம் கிடைக்கும் மாத்திரையே போதும் என்று தெரியவரும். காணியும் பிழைக்கும், அப்பாவும் பிழைப்பார்.

பெரியோர்களே! இளைஞர் உங்கள் கையைப் பிடித்து நாடி பார்க்க வரும்போது, "எனக்கென்ன வருத்தம்" என்று கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். இளைஞர்களே! அந்தக் கையைப் பிடிக்கும்போது அவர்களின் குடும்ப நலத்தையும் இரண்டு வார்த்தை விசாரியுங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே, எத்தனை முதியோருக்கு நாடி பார்த்தோம், அவர்களுள் எத்தனை பேரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம் என்ற கணக்கைச் சங்கத்தின் செயலாளர் தமது அறிக்கையிலே வாசிக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.